ஐந்தாவது ஆள் யார்?

பாலிகஞ்சில் குருசதய் ரோட்டு சிசி அண்ட் எஃப்சி கிளப்பைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 1872 கிறிஸ்துமஸ் தினம் நினைவுக்கு வரும். அன்று கல்கத்தாவில் நடந்த ரக்பி ஆட்டத்தில் ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்த அணி. அவரவர் ஊரைக் கேட்டாலே பக்கம் பிரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தை ஒட்டி உருவான ரக்பிக் கழகம் சில ஆண்டுகளில் கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்ததுதான் கல்கத்தா கோப்பை. கைப்பிடிகளாக மூன்று நாகங்கள், மூடிமேல் ஒரு யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அதற்காக மோதி வருகின்றன.

ஊர் பார்த்து அணி பிரிக்கும் சுலபம் இன்றைய தொழில்முறை பூல் ஆட்டத்தில் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மொஸ்கோனி கோப்பை 1994-இல் தொடங்கியது. ஒவ்வொரு பக்கமும் ஐந்தே பேர். ஆண்டுதோறும் அணி அறிவிப்பு வந்ததும் சண்டையும் வந்துவிடும். நால்வரைப் பற்றி அதிகம் பேச்சிருக்காது. ஐந்தாவது ஆள் யார் என்பதில்தான் எல்லாப் புகைச்சலும். தரவரிசையில் அடுத்து நிற்பவரா, அணித்தலைவர் நம்புகிறவரா?

தரவரிசைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புள்ளிப் பட்டியலுக்கு முகதாட்சண்யம் கிடையாது. ஆரம்ப ஆண்டுகளில் ஸ்டீவ் டேவிஸ், ஜிம்மி வைட், ரோனி ஓ'சல்லிவன் போன்ற ஸ்னூக்கர் நட்சத்திரங்கள் ஐரோப்பிய அணியில் இடம்பெற்றார்கள். தொலைக்காட்சிக்குத் தெரிந்த முகங்கள் தேவைப்பட்டன என்பது அதற்கு ஒரு காரணம். பூலையே பிழைப்பாகக் கொண்ட ஒருவன் வெளியே நின்று அதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதே டேவிஸ்தான் 2002-இல் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டை வென்று ஐரோப்பாவுக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். ஆக, பெயருக்காக எடுத்த ஆள் என்று மட்டும் சொல்லி அவரை ஒதுக்க முடியவில்லை.

இரட்டையர் ஆட்டத்தைக் கவனித்தால் பட்டியல் எங்கே தடுமாறுகிறது என்று புரியும். இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். நான் மூன்றாம் பந்தைப் பாக்கெட்டில் இறக்கினால் நான்காம் பந்து என் கூட்டாளியுடையது. எனவே வெள்ளைப் பந்தை எனக்குத் தோதான இடத்தில் நிறுத்திப் பயனில்லை, அவருடைய கைக்குத் தோதாக நிற்க வேண்டும். அவர் சுழி கொடுத்து அடிக்கிறவரா, நேர்க்கோட்டில் தட்டிவிடுகிறவரா? குஷனை ஒட்டி நிற்கும் வெள்ளைப் பந்தைக் கண்டு பயப்படுகிறவரா? ஒவ்வொரு அடிக்கும் கடிகாரம் முப்பது வினாடியை எண்ணும்போது கை நடுங்குமா? தனியாக ஆடிச் சேர்த்த புள்ளிகளில் இதெல்லாம் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்த அணித்தலைவருக்குத்தான் தெரியும்.

யோஹன் ராய்சிங்க் கதை இதற்கு நல்ல சான்று. ஐரோப்பாவைப் பலமுறை வெல்ல வைத்த அந்த டச்சுக்காரர் 2017-இல் அமெரிக்க அணித்தலைவராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு 11-4 என்று படுதோல்வி. அத்தோடு அவர் அணியைக் கலைத்துப் போடவில்லை. ஷேன் வான் போனிங், ஸ்கைலர் வுட்வர்ட், பில்லி தோர்ப் மூவரும் அப்படியே தொடர்ந்தார்கள். 2018-இல் லண்டனில் 11-9 என்று கோப்பை அமெரிக்காவுக்குத் திரும்பியது. மறு ஆண்டும் அவர்களுக்கே. தோற்ற ஆட்களையே திரும்ப நம்பும் துணிச்சல் எந்தப் புள்ளிப் பட்டியலுக்கும் வராது. அதனால் தலைவர் தேர்வை ஒழித்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஊர் என்ற அளவுகோலும் இப்போது இளகிவிட்டது. ரஷ்யாவில் பிறந்த ஃபெடோர் கோர்ஸ்ட் 2024-இல் அமெரிக்காவுக்காக ஆடினார். விதிப்படி தகுதி பெற்று வந்தவர், அதில் குறையில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 2024-இல் மணிலாவில் ரெய்ஸ் கோப்பை பிறந்தது. அந்த ஆண்டு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போட்டி. ஆசியாவின் ஐவர்: பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ, ஜோஹன் சுவா, தைவானின் கோ பின்-யீ, வியட்நாமின் டுவோங் குவோக் ஹோவாங், சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப். ஐவரும் தகுதியானவர்கள். ஐரோப்பா 11-6 என்று வென்றது. அந்த ஐவரில் இந்தியர் இல்லை என்று எவரும் வருந்தவில்லை. அந்த வரிசையிலேயே நாம் இல்லை.

ஏன் இல்லை என்று பாலிகஞ்ச் பக்கத்துப் பூல் பார்லர் ஒன்றில் ஒரு சாயங்காலம் பேச்சு வந்தது. லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பத்துப் பையன், இருபது வயதிருக்கும். கியூ நுனியில் சாக்கைத் தேய்த்தபடி கேட்டான்: "அண்ணா, ரேங்கிங் பாயிண்ட் எங்கே கிடைக்கும்? வெளிநாட்டுல. அங்கே போக டிக்கெட், விசா, ஹோட்டல். முதல் ரவுண்டுல தோத்தா எல்லாம் போச்சு. அப்புறம் எப்படி நான் ரேங்குல வருவேன்?" அவன் ஆடிக்கொண்டிருந்தது எட்டடி டேபிள். போட்டி நடப்பதோ ஒன்பதடியில். பெரிய கிளப்புகளில் இருப்பது பன்னிரண்டடி ஸ்னூக்கர் டேபிள், பந்தும் அதில் சிறியது. அவன் அடித்த நீள ஷாட் ஒன்று பாக்கெட் வாயில் உதறி வெளியே வந்தது. "பார்த்தீங்களா" என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

தரவரிசை நடுநிலையானது என்று சொல்கிறவர்கள் இந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பட்டியல் திறமையை அளக்கிறது, சந்தேகமில்லை. கூடவே யாரிடம் விமான டிக்கெட் இருந்தது என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

ஆடத் தெரியாத நாடல்ல நாம். ஸ்னூக்கரின் விதிகள் உருப்பெற்றதே நம் ஊட்டி கிளப்பில். 1958-இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றது இதே கல்கத்தாவில். 2025-இல் இந்த நகரத்தின் சௌரவ் கோத்தாரி அயர்லாந்தில் பங்கஜ் அத்வானியைத் தோற்கடித்து உலக பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று வென்று பெண்கள் உலக ஸ்னூக்கர் பட்டம் வாங்கினார். கோத்தாரி, அத்வானி இருவரும் இறுதிப்போட்டிக்கு வர முடிந்ததற்குக் காரணம், தனிநபர் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து பலர் போகலாம் என்பதே. அங்கே தேர்வாளர் தவறினாலும் ஆட்டம் அதைத் திருத்திவிடும். ஒரு கண்டத்துக்கே ஐந்து இடம் என்ற அணிப் போட்டியில் அந்தத் தவறு தவறாகவே நிற்கும்.

ஆசிய அணிக்கு என் கணக்கு இதுதான். மூன்று இடங்கள் தரவரிசைக்கு. ஓர் இடம் தலைவருக்கு, ஆனால் என்ன பார்த்து எடுப்பேன் என்பதை சீசனின் முதல் பிரேக்குக்கு முன்பே அவர் எழுதித் தர வேண்டும். இரட்டையர் ஜோடிக்காகவா, அழுத்தம் தாங்கும் கைக்காகவா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வெளியே நிற்பவனுக்கும் தான் எதில் தோற்றோம் என்று தெரியும். ஐந்தாவது இடம் திறந்த தகுதிச் சுற்றுக்கு. அது ஆசிய நகரங்களில் சுழற்சியாக, ஒன்பதடி டேபிளில், கோப்பையின் அதே கடிகாரத்தோடு நடக்க வேண்டும். ஒருமுறை மணிலா, ஒருமுறை கொல்கத்தா, ஒருமுறை சென்னை. கொல்கத்தாவில் நடந்தால் லேக் மார்க்கெட் பையன் பஸ்ஸிலேயே வந்து பெயர் கொடுத்துவிடுவான்.