டன்கிர்க் கடற்கரையில் காணாமற்போனவர்கள்

அரபு மொழியில் 'ஷஹித' என்னும் வினைச்சொல்லுக்கு உடனிருத்தல், சாட்சி பகர்தல் என இரு பொருள்களும் உண்டு. இன்றைய போர்த் திரைப்படம் களத்தில் உடனிருக்கும் உணர்வை நமக்குத் தாராளமாக வழங்குகிறது. அவ்வுணர்வு நம்மைச் சாட்சிகளாக்குமா என்பது ஆராயத்தக்கது.

கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' (2017) இதற்குத் தக்க சான்று. கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம் என மூன்று காலங்களை அப்படம் பின்னுகிறது. பகைவர் முகம் ஏறக்குறையத் தெரிவதேயில்லை. குண்டு எத்திசையிலிருந்து வரும் என்பதை வீரனைப் போலவே நாமும் அறியோம். ஹான்ஸ் ஸிம்மரின் இசை, முடிவின்றி மேலேறிக்கொண்டே போவதாகச் செவியை மயக்கும் 'ஷெப்பர்ட் ஒலி' உத்தியைக் கையாண்டு, நம்மை இளைப்பாற விடுவதில்லை. உரையாடல் குறையக் குறையப் பார்வையாளன் உடலாலேயே போரை உணர்கிறான். கலைத்திறனில் இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், 1940 மே இறுதியில் அக்கடற்கரையில் நின்றோருள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கோவேறு கழுதைப் போக்குவரத்துப் பிரிவினரும் இருந்தனர். 'கே-6' எனப்பட்ட அப்படையினர் 1939 டிசம்பரில் பிரான்சின் மார்சேல் துறைமுகத்தில் வந்திறங்கியவர்கள். பெரும்பாலோர் பஞ்சாப் முஸ்லிம்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. டன்கிர்க்கை அடைந்தோர் தம் விலங்குகளைக் கைவிட்டுக் கப்பலேறினர். படத்தில் இவர்களுக்கு ஒரு காட்சியும் இல்லை.

இவர்களது பணியின் அருமையை அறிய நாம் பிரான்ஸ் வரை செல்ல வேண்டியதில்லை. போடிநாயக்கனூருக்கு மேலே ஏலமலைச் சரிவுகளில், வாகனம் ஏறாத குடியிருப்புகளுக்கு அரிசி போவதும், அங்கிருந்து காப்பியும் மிளகும் இறங்குவதும் குதிரை, கோவேறு கழுதைகளின் முதுகில்தான். இருபுறமும் எடை ஒத்துச் சுமை கட்டுவதும், வழுக்குப் பாறையில் மிரளும் விலங்கைத் தணித்து நடத்துவதும் பொறுமையும் பழக்கமும் வேண்டும் தொழில். குண்டுமழையினூடே அதைச் செய்தவர்களைக் காட்டியிருந்தால், போரின் மற்றொரு முகமும் நமக்குப் புலப்பட்டிருக்கும்.

ஒரு படம் அனைவரையும் காட்ட இயலுமா என்று கேட்கலாம். இயலாதுதான். வரலாற்று நூலிலும் விடுபடல்கள் உண்டு. ஆனால் நூலை வாசிப்பவன் அதை எழுதியவனை மறப்பதில்லை, ஐயம் எழுந்தால் வேறொரு நூலைப் புரட்டுகிறான். உடனிருத்தலை உணர்த்தும் படமோ நம் சொந்த நினைவு போலவே மனத்தில் படிகிறது. தன் நினைவை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை. ஆகவே, அங்கே வேறு யாரெல்லாம் நின்றனர் என்ற வினாவும் எழாமற்போகிறது. அந்த வினாவை எழுப்பி, விடுபட்டோரின் வரலாற்றைத் தேடிப் படிப்பது அரங்கை விட்டு வெளிவந்தபின் நம்மைச் சேரும் கடமையாகும்.