இதழும் தரகரும்

1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ பிறந்தபோது, அதன் விற்பனைப் பிரிவு டொமினிக் ஜீவாவின் இரு கால்களே. முடிதிருத்தும் தொழிலாளியான அவர் தெருத்தெருவாக நடந்து தாமே இதழை விற்றார். இதனைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு அப்பால் நகர்வது நம் விமர்சகரின் வழக்கம். நாமோ இதனை ஒரு பொருளாதார முறையாகவே காண்கிறோம். வாங்குவோரின் முகம் ஆசிரியருக்குத் தெரியும். கதை பிடிக்காவிட்டால் வசவும் நேரிலேயே கிடைக்கும். இடையில் தரகர் இல்லை.

இன்றைய சிற்றிதழாளரோ முகநூலையே சந்தையாக நம்புகின்றனர். 2018 ஜனவரியில் அந்நிறுவனம் நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முதலிடம் தந்து, ஏனைய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளிற்று. தாம் பாடுபட்டுச் சேர்த்த வாசகரைச் சென்றடைய, அதே நிறுவனத்துக்கு விளம்பரக் காசு கட்டும் நிலை! குத்தகை நிலத்தில் கிணறு வெட்டியவன் கதைதான்.

ஜீவாவின் முறையிலும் குறை உண்டு. ஒரே மனிதரின் உழைப்பில் நின்ற இதழ், அவரது முதுமையோடு ஓய்ந்தது. ஆகவே நடக்கும் கால்கள் பலவாக வேண்டும். கந்தளாய்க்கு ஓர் இதழ் வர, பேருந்தில் பத்துப் பிரதிகளை ஏற்றிவிட ஒருவரும், இங்கே இறக்கி விற்றுக் காசு அனுப்ப ஓர் ஆசிரியரும் போதும். பக்கங்களைக் குறைக்கலாம், வண்ண அட்டையையும் கைவிடலாம்.