சிறுசேரியில் மார்கழிப் பனி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி நிறைந்து, மேகம் விலகிய மார்கழி இரவுகள்தாம் சிறுசேரிக்குப் பனியைத் தருகின்றன. தெளிந்த வானம் தரையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. காற்றும் அடங்கிவிட்டால், ஈர மண்ணை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மிதக்கிறது. கிழக்கே முட்டுக்காட்டுக் கழிமுகமும் கடலும் இருப்பதால் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

இதை ரசிக்கச் சனி, ஞாயிறுதான் ஏற்ற நாள். வாரநாட்களில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு வரும் கம்பெனி பஸ்கள் விடியலையே விரட்டிவிடும். விடுமுறைக் காலையில் பழைய மகாபலிபுரம் சாலை மூச்சு வாங்கிக்கொள்கிறது. கண்ணாடிக் கட்டடங்களின் மேல்மாடிகள் காணாமல் போகின்றன. வேலியோரச் சிலந்தி வலைகள், மற்ற நாளில் யார் கண்ணிலும் படாதவை, இழை இழையாகத் துளி கோத்து நிற்கின்றன. எனக்கு இந்தக் காலையின் ஆகச் சிறந்த காட்சி அவைதான். எத்தனை இருந்தன என்பதே அன்றுதான் தெரியும்.

ஊர்த்தெருவில் மப்ளர் கட்டிய பெரியவர்கள் டீக்கடையில் கூடுகிறார்கள். வாசலில் சாணி உருண்டைமேல் பூசணிப்பூ. கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று சொல்ல முடிவதில்லை.

போகியன்று வருவது வேறு. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை பனியோடு கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்களையே தாமதப்படுத்தியிருக்கிறது. அதை நான் பனிக்கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல பனிக்கு ஈரமண் வாசனை உண்டு. எட்டு மணி வெயில் ஏறினால் தானாகக் கலைந்துவிடும்.