மீன் விடலாமா? மூன்று கருவிகள் சொல்லும் பதில்

உப்புத் தண்ணீர் தொட்டி வைத்த எவரும் முதலில் கேட்பது "மீன் எப்போது விடலாம்?" என்றுதான். கடைக்காரர் பத்து நாள் என்பார். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒன்றரை மாதம் என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம், இரண்டுமே தப்பாகவும் போகலாம். தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்திருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, உப்பு கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அளந்தால்தான் தெரியும். விளக்கு, ஸ்கிம்மர், பம்ப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தொட்டியில் முதல் உயிரைச் சேர்க்கும் அந்தச் சில வாரங்களில் உண்மையாகவே கைகொடுக்கும் மூன்று சாதனங்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதக் காணோம். சென்னையில் என் வீட்டு 100 லிட்டர் தொட்டியில் வைத்துப் பார்த்ததைக் கொண்டு அவற்றைப் பற்றிச் சொல்கிறேன்: சீகெம் அம்மோனியா அலர்ட், கையில் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், ஆவியான தண்ணீரைத் தானே நிரப்பும் ஏடிஓ.

அம்மோனியா அலர்ட் ஒரு சின்ன வட்டத் தகடு. ரப்பர் கப் கொண்டு கண்ணாடியின் உட்புறம் ஒட்டிவிட வேண்டியதுதான். பேட்டரி கிடையாது, கலக்கிக் குலுக்க மருந்தும் கிடையாது. நடுவே மஞ்சளாக ஒரு உணரி, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே நிறங்கள். தண்ணீரில் அம்மோனியா ஏற ஏற மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகும். லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே பாதுகாப்பு, 0.05 எச்சரிக்கை, 0.2 அபாயம், 0.5 விஷம் என்று நான்கு படிகள். ஒரு தகடு ஏறத்தாழ ஒரு வருடம் உழைக்கும் என்கிறது நிறுவனம்.

இந்த எண்கள் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் மீனை அதிகம் பாதிப்பதில்லை. மின்னேற்றம் இல்லாத தனி அம்மோனியாதான் செவுள் வழியே உள்ளே போய்க் கொல்லும். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 6, 7 சதவீதம் இந்த விஷ வடிவில் இருக்கும். தகடு அளப்பது இந்தப் பங்கை மட்டுமே. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அதற்காகச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டை ஒதுக்கிவிடக் கூடாது. அது இரண்டு வடிவையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். தொட்டி தயாரா என்று சோதிக்க அந்த மொத்த எண் அவசியம். அம்மோனியா பூஜ்யம் என்று கிட் காட்டினால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: பாக்டீரியா எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கலாம், அல்லது தின்ன எதுவுமே போடாமல் இருந்திருக்கலாம். வெறும் உப்புத் தண்ணீரை ஒரு மாதம் சுற்றவிட்டாலும் கிட் பூஜ்யம்தான் காட்டும், ஆனால் அந்தத் தொட்டியில் ஒரு மீனின் கழிவைச் சமாளிக்கக்கூட ஆள் இல்லை. எனவே அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் வரும்வரை ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அப்போது பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் தொட்டி தயார். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் ஓரிரண்டு வாரத்தில் இந்த நிலைக்கு வரலாம். சேர்க்காவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

கரைசலை ஊற்றிய அன்று தகடு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மஞ்சள் மெல்லச் சாம்பல் பூத்ததுபோல மங்கி, பிறகு தெளிவான பச்சைக்கு வரும். ஏற்றத்தைச் சீக்கிரம் காட்டுகிறது. இறக்கத்தைக் காட்டத்தான் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் மாற்றிய கையோடு மஞ்சளுக்குத் திரும்பவில்லையே என்று பதற வேண்டியதில்லை. இன்னொன்று, ரீஃப் எல்இடியின் நீல வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது. மஞ்சளே பச்சையாகத் தெரியும். வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது காலையில் தொட்டி விளக்கு எரிவதற்கு முன் பகல் வெளிச்சத்தில். உணரியை விரலால் தொடவும் கூடாது.

நைட்ரைட் கிட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்னீர் மீனுக்கு நைட்ரைட் பெரிய ஆபத்து. கடல்நீரிலோ ஏராளமாக இருக்கும் குளோரைடு செவுளில் அதை வழிமறித்துவிடுகிறது. அவசரமாக வாங்க வேண்டிய பொருள் இல்லை.

அடுத்தது ரிஃப்ராக்டோமீட்டர். மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி முள்ளில் ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு போதும். மூடியைத் திறந்து, கண்ணாடிப் பரப்பில் குமிழி இல்லாமல் சொட்டைப் பரப்பி, மூடி, அரை நிமிடம் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு உப்பின் அளவைக் காட்டும். ரீஃப் தொட்டிக்கு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026.

ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட் எல்லாம் கலந்திருப்பதால் ஒளி வளையும் அளவு வேறு. அதனால் 35 பிபிடி பக்கத்தில் ஒன்று ஒன்றரை பிபிடி வரை பிசகும். காய்ச்சி வடித்த நீரை வைத்துப் பூஜ்யத்தில் சரிசெய்தாலும், நாம் அளக்கும் இடத்தில் சரியாக இருக்கும் என்று உறுதி இல்லை. கடையில் 35 பிபிடி திட்டக் கரைசல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: துல்லியமான தராசில் 36.5 கிராம் சுத்தமான உப்பு, 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீர். இந்தக் கரைசலில் ஒளி வளையும் அளவும் 35 பிபிடி கடல்நீரில் வளையும் அளவும் ஒன்றே. கோடு 35-இல் நிற்கும்வரை மேலே இருக்கும் சிறு திருகைத் திருப்பினால் வேலை முடிந்தது.

இந்தக் கருவியின் முழு மதிப்பு மீன் பை வீட்டுக்கு வந்த அன்றுதான் தெரியும். கடைகளில் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் பல தொட்டிகளை 1.020 பக்கத்தில் வைத்திருப்பார்கள். அது 27 பிபிடி. அங்கிருந்து நேராக 35-க்கு மாறுவது மீனுக்குப் பெரிய அடி. உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், கூடுவதை அவ்வளவாகத் தாங்காது.

வழக்கமான ஆலோசனை, பையைத் திறந்து மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி, இரண்டு மணி நேரம் விடுவது. பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வந்த மீனுக்கு அது சரி. இரவு முழுக்கக் கூரியரில் வந்த மீனுக்கு அது ஆபத்து. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு கரைந்து பிஎச்சை 7-க்கு அருகே இறக்கியிருக்கும். பையில் கழிவு நிறையச் சேர்ந்திருந்தாலும், அந்த பிஎச்சில் விஷ வடிவ அம்மோனியா ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியம் விஷமாக மாறுகிறது. மேலும் மேலும் சொட்டவிடும் தொட்டித் தண்ணீர் பிஎச்சை இன்னும் ஏற்றுகிறது. மீன் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிறது.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. கடையில் உப்பின் அளவை முன்கூட்டியே கேட்டு, புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியை அதே அளவில் வைத்திருப்பேன். மூடிய பையை அதில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், திறந்து இரண்டு சொட்டு அளந்து சரிபார்த்து, மீனை மட்டும் உடனே மாற்றிவிடுவேன். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு பிபிடி வீதம் உப்பை ஏற்றுவது. இரண்டு சொட்டுத் தண்ணீரில் பதில் சொல்லும் கருவி இல்லாமல் இது நடக்காது.

தனிமைத் தொட்டி தேவையா என்று கேட்டால், ஆம், முதல் மீனுக்கும் தேவை. கிரிப்டோகேரியான் என்ற வெண்புள்ளி ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டரை மாதம் காலியாக வைப்பதே உறுதியான வழி.

மூன்றாவது ஏடிஓ. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 3 லிட்டர் போனால் 35 பிபிடி 36-ஐத் தாண்டிவிடும். சென்னைக் கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டாமலிருக்க மேலே விசிறி வைத்தால் ஆவியாதல் இன்னும் கூடும். அதை ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுவது ஏடிஓவின் வேலை. மிதவை வகையும் ஒளி உணரி வகையும் கிடைக்கின்றன. விலை குறைவென்று முதலில் வைத்துப் பார்த்தது மிதவை வகை, பெயர் வேண்டாம். எந்த உயிரையும் சேர்ப்பதற்கு முன்பு நன்றாகத்தான் ஓடியது. நத்தைகள் வந்ததும் கதை மாறியது. ஒரு நத்தை இரவில் மிதவைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் எடையில் மிதவை கீழேயே நிற்க, தண்ணீர் குறைந்துவிட்டதாக நினைத்துப் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் தரையெல்லாம் தண்ணீர், தொட்டியின் உப்பு 32 பிபிடி. நத்தையின் உடல்நீர் சுற்றியுள்ள நீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும். திடீர் மாற்றத்தில் முதலில் சாவது அதுதான். வாங்குவதானால் இரண்டு உணரி உள்ள ஒளி வகையை வாங்குங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பம்ப் ஓடினால் தானே நிறுத்தும் வசதியும் இருக்க வேண்டும். நிரப்பும் தண்ணீர் வாளி சிறியதாக இருப்பது கூடுதல் காப்பு.

சரி, எதை முதலில் விடுவது? கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிற டயட்டம் பாசி படிந்த பிறகு நத்தைகள். அதற்கு முன் விட்டால் பட்டினி கிடந்து சாகும். ட்ரோக்கஸ் நல்லது, கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியா நிமிராது, தினமும் நாம்தான் தேடித் திருப்ப வேண்டும். மெக்சிகன் டர்போ குளிர்ந்த கடலுக்குரியது, நம் ஊர்ச் சூட்டுக்கு வேண்டாம். அதன்பின் ஒரு ஜோடி ஆசெலாரிஸ் கோமாளி மீன், ஒன்று பெரியதும் மற்றது சிறியதுமாக. எல்லாம் ஆணாகவே தொடங்கி, ஜோடியில் பெரியது பெண்ணாகும். கடல் தாமரை இல்லாமலே சந்தோஷமாக இருக்கும். பாக்டீரியாவுக்கு அம்மோனியா கிடைப்பதற்காக டாம்செல் மீனைப் பலிகொடுக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அம்மோனியம் குளோரைடு செய்யும் வேலைக்கு ஒரு உயிரை வதைப்பது நியாயமில்லை.

கோமாளி மீனைப் பண்ணையில் வளர்க்க முடியும் என்பதை நம் கடற்கரையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதில் முன்னோடிகள். பண்ணை மீன் குருணைத் தீவனத்துக்குப் பழகியிருக்கும், பவளத் திட்டிலிருந்து ஒரு மீனும் குறையாது. பவளத்தின் விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2001-இல் பாறை அமைக்கும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த பவளத் துண்டை "லைவ் ராக்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சுட்ட பீங்கான் பாறையில் பாக்டீரியா அதே அளவு நன்றாகக் குடியேறும்.

முதல் ஜோடியை விட்ட பிறகு அடுத்த உயிருக்குக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி கொடுங்கள். புதிய சுமைக்கு ஏற்ப பாக்டீரியா பெருக அவகாசம் வேண்டும். அந்த நாட்களில் தகடு மஞ்சளிலிருந்து நகர்ந்தால் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.

என் தீர்ப்பு: ரிஃப்ராக்டோமீட்டரும் அம்மோனியா தகடும் மீனுக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும், விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்தாவது. ஏடிஓ இரண்டாம் மாதம் வரலாம், அதுவரை காலையும் மாலையும் கையால் நிரப்பினால் போதும். கடைக்குப் போனதும் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த மீன் பண்ணையில் பிறந்ததா, இந்தத் தொட்டியின் உப்பு எவ்வளவு? பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.