ஃபியோர்டை நெடுக்காகப் பார்க்க வேண்டும்

ஐரோப்பா போகத் திட்டமிடுகிற யாரிடமாவது நார்வேயின் மேற்குக் கரையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். மூன்று பதில்களில் ஒன்று வரும். செலவு தாங்காது. எந்நேரமும் மழை. மலையும் தண்ணீரும்தானே, ஒரு ஃபியோர்டைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி. முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டுக்கும் வழியும் உண்டு. மூன்றாவதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு ஃபியோர்டைக்கூட முழுசாகப் பார்த்தவர்கள் அல்லர். ஏதோ ஒரு மேட்டில் ஏறி நின்று அதன் ஒரு துண்டைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பனியுகங்களில் பனியாறுகள் குடைந்து வைத்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்தால் அது ஃபியோர்டு. மலைப் பக்கம் பனி தடிமனாக இருந்ததால் அங்கே ஆழமாகக் குடைந்தது. கடலை நெருங்கியதும் பரவி, மெலிந்து, வலுவிழந்தது. அதனால் வாயில் மேடு, உள்ளே பாதாளம். நார்வேயின் மிக நீளமான சோக்னஃபியோர்டு சுமார் 205 கிலோமீட்டர். உள்ளே அதன் ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. கடலைச் சேருமிடத்திலோ 200 மீட்டர்கூட இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எப்போது போவது? ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை. மலைமேல் பனி உருகி அருவிகள் நிறைந்து விழும் காலம் அது. பெர்கன் நகரில் சூரியன் இரவு பதினோரு மணிக்குத்தான் மறையும். ஜூலையில் நார்வேக்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் அறை கிடைப்பது சிரமம். ஆகஸ்டில் அருவிகள் இளைத்துவிடும். விசா ஷெங்கன்; நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கையில் ரொக்கம் அதிகம் தேவையில்லை, கார்டு எங்கும் செல்லும். செலவைக் குறைக்க ஒரே வழி, சமையலறையுடன் கூடிய சின்ன மரக் கேபின்களில் தங்கி, சூப்பர் மார்க்கெட்டில் அரிசி வாங்கிச் சமைப்பதுதான். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். நல்ல மழைக்கோட்டு ஒன்று போதும். பஸ், படகு, ரயில் நேரங்கள் அனைத்தும் என்டூர் என்கிற செயலியில் ஒரே இடத்தில் கிடைக்கும். அடிப்படை இவ்வளவுதான். மற்றதைத் தேடினால் அரை மணியில் கிடைத்துவிடும்.

தேடினாலும் கிடைக்காத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். ஃபியோர்டில் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு: குறுக்கே போவது, நெடுக்கே போவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் போடுகிற எந்தத் திட்டமும் உருப்படாது.

குறுக்கே போவது எளிது. சாலை தண்ணீரில் வந்து முட்டும் இடத்தில் கார்ப் படகு காத்திருக்கும். லாவிக்கிலிருந்து ஒப்பெடாலுக்கு இருபது நிமிடம். உலகிலேயே முதன்முதலாக மின்கலத்தில் மட்டும் ஓடும் கார்ப் படகு 2015-ல் இந்தத் தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. உள்ளூர்க்காரர்களுக்கு இது சாலையின் ஒரு பகுதி. பலர் காரைவிட்டு இறங்குவதுகூட இல்லை. மேல்தளத்துக்கு ஓடுகிற பயணி இரண்டு பக்கச் சுவர்களையும் பார்க்கிறார், படம் எடுக்கிறார், மறுகரை வந்துவிடுகிறது. சுவர்கள் அசையவில்லை, எதுவும் மாறவில்லை. இப்படி ஏழெட்டு ஃபியோர்டுகளைக் கடந்தவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். தோன்றாமல் என்ன செய்யும்?

நெடுக்கே போவது வேறு சங்கதி. கோடையில் காலையில் பெர்கன் துறைமுகத்திலிருந்து ஃப்லோம் ஊருக்கு ஒரு விரைவுப் படகு கிளம்புகிறது. சுமார் ஐந்தரை மணி நேரம். முதலில் தீவுகளுக்கு நடுவே வடக்கு நோக்கிப் போகும். பிறகு கிழக்கே திரும்பி சோக்னஃபியோர்டுக்குள் நுழையும். அப்போது பின்தளத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் காபியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வாய்ப் பகுதியில் மலைகள் தாழ்வு. வழவழவென்று தேய்ந்த வெற்றுப் பாறைகள், குட்டை மரங்கள், காற்று. கூலன் என்கிற இந்தப் பகுதியில்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு நார்வேயின் மக்கள் சபை கூடியது. எல்லோரும் படகேறி வந்து கூடுவதற்கு வசதியான இடம். ப்ரெக்கே போன்ற ஊர்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். இங்கே மழை பெய்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்த மழைக்குப் பெய்ய வேறு இடம் கிடையாது. கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது இந்த மலைகளில்தான்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் சுவர்கள் உயரும். உங்களுக்குக் கீழே நீரின் ஆழமும் கூடிக்கொண்டே போகும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் கறுத்த நீரின் நிறமே வேறாகத் தெரியும். நடுப் பகுதிக்கு வந்தால் பாலஸ்ட்ராண்ட். திடீரென்று பழத்தோட்டங்கள், மர வீடுகள், கரையில் ஒரு பெரிய வெள்ளை ஹோட்டல். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கோடைதோறும் விரும்பி வந்த இடம் இது. 1914 ஜூலையில் உலகப்போர் நெருங்கியபோதும் அவர் இங்கேதான் இருந்தார். எதிர்க்கரையில் வாங்ஸ்னஸில் அவர் நிறுவிய மாபெரும் ஃபிரித்யோஃப் சிலை 1913-லிருந்து நிற்கிறது.

இன்னும் உள்ளே போங்கள். ஃபியோர்டு கிளை கிளையாகப் பிரிகிறது: ஃபியார்லாண்ட், லூஸ்டர், ஓர்டால், லேர்டால், ஔர்லாண்ட். காலையில் உங்களை நனைத்த மழை இங்கே வருவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். லேர்டாலில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவுதான். அந்தக் காலத்தில் விவசாயிகள் வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. ஒரே ஃபியோர்டு, ஒரே நாள். வாயில் வெள்ளக்காடு, கோடியில் பாசனம். இதைப் பார்த்தவர் வாயிலிருந்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்கிற சொல் வருமா?

அந்த ஊர்க்காரர்களே வெளி சோக்ன், நடு சோக்ன், உள் சோக்ன் என்றுதான் தங்கள் நாட்டைப் பிரிக்கிறார்கள். வடகரை, தென்கரை என்று பிரிப்பதில்லை. இதை யோசித்துப் பாருங்கள். மலைக்குப் பின்னால் இருக்கும் ஊரைவிட, ஐந்து கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால் இருக்கும் ஊர்தான் அவர்களுக்கு அண்டை ஊர். திருமணம், சந்தை, தேவாலயம், சாவு எல்லாம் படகில். ஃபியோர்டு அவர்களைப் பிரித்த ஒன்றல்ல, சேர்த்துவைத்த நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் பயணம் செய்யாமல் ஓரத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கு அங்கே வாழ்ந்தவர்கள் எப்படித் தெரிவார்கள்?

நெடுக்கே போவதிலும் ஒரு திசை இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே போக வேண்டும், உள்ளேயிருந்து வெளியே வரக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஓஸ்லோவில் இறங்கி, ரயிலில் ஃப்லோம் வந்து, அங்கிருந்து படகில் பெர்கன் போகும் திட்டத்தைப் பல பத்திரிகைகள் பரிந்துரைக்கின்றன. உச்சத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, போகப்போக மலைகள் தாழ்வதையும் மேகம் மூடுவதையும் பார்த்துக்கொண்டு ஏன் வர வேண்டும்? உள்நோக்கிப் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் மலை வளர்கிறது, நீர் குறுகுகிறது, நிறம் கறுநீலத்திலிருந்து பச்சைக்கு மாறுகிறது. கோடியில் என்ன இருக்கிறது என்கிற ஆவல் கடைசிவரை தணிவதில்லை.

சரி, திட்டம். பெர்கனில் இரண்டு இரவு, களைப்பு தீர. பிறகு அந்தப் படகு. ஆனால் ஃப்லோம் வரை ஒரே மூச்சில் போகாதீர்கள், பாலஸ்ட்ராண்டில் இறங்கி இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து சோக்ன்டால் வழியாக சொல்வோர்ன் என்கிற சிற்றூர், மூன்று இரவு. ஒருநாள் யோஸ்டடால் பள்ளத்தாக்கில் நிகார்ட்ஸ்பிரேன் பனியாற்றைப் பாருங்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனிப்பரப்பான யோஸ்டடால்ஸ்பிரேனின் ஒரு கை அது. லூஸ்டர் கிளையின் நீர் ஏன் பால் கலந்த பச்சை என்பது அங்கே விளங்கும்: பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்புகிறது. இன்னொரு நாள் சொல்வோர்னிலிருந்து சின்னப் படகில் எதிர்க்கரைக்குப் போய் ஊர்னஸ் மரத் தேவாலயத்தைப் பாருங்கள். 1130-ஐ ஒட்டிக் கட்டியது. 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வடக்குச் சுவரில் ஒன்றையொன்று பின்னிக் கடிக்கும் விலங்குகளின் செதுக்கல் இன்னும் பழைய கட்டடத்தினுடையது. ஆமாம், இது குறுக்குப் பயணம்தான். நெடுக்கே வந்தவருக்குக் குறுக்கும் இனிக்கும். இப்படி ஒரு மூலையில் ஏன் இவ்வளவு அருமையான தேவாலயம் என்று அவர் கேட்க மாட்டார். அது மூலையல்ல, நெடுஞ்சாலை ஓரம் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு பஸ்ஸில் ஔர்லாண்ட், இரண்டு இரவு. வழியில் 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லேர்டால் சுரங்கம் வரும், உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் கார் எடுத்து, இப்படிச் சுரங்கம் சுரங்கமாக ஓடி, ஒரே வாரத்தில் ஐந்து ஃபியோர்டு பார்த்தேன் என்கிறவர்கள் அதில் பாதி நேரம் பாறைக்குள்தான் இருந்திருக்கிறார்கள். ஔர்லாண்டிலிருந்து குட்வாங்கன் வரை நேரோய்ஃபியோர்டில் மின்படகில் போங்கள். 17 கிலோமீட்டர் நீளம். குறுகிய இடத்தில் அகலம் சுமார் 250 மீட்டர்தான். 205 கிலோமீட்டர் ஃபியோர்டின் விரல்நுனி இது. வாயில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தவருக்கு இந்தக் குறுகல் தொண்டையை அடைக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி நேராக இங்கே படகு ஏறுபவருக்கு இது அழகான ஒரு பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். கடைசியாக ஃப்லோம் ரயில்: கடல்மட்டத்திலிருந்து இருபது கிலோமீட்டரில் 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டாலுக்கு ஏறும். அங்கே பெர்கன் ரயில்பாதையைப் பிடித்து ஓஸ்லோ. கடல்வாயில் தொடங்கிய கோடு மலைமுகட்டில் முடிகிறது.

கைராங்கர் எங்கே, ட்ரோல்துங்கா எங்கே, பிரெய்கஸ்டோலன் எங்கே என்று கேட்பீர்கள். கைராங்கர் பேரழகு, இரண்டாம் முறை வரும்போது போங்கள். ட்ரோல்துங்கா பாறை நாக்கில் நின்று ஒரு படம் எடுக்க மக்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். படத்தில் அவர் மட்டும் தனியாக, காற்றில் கை விரித்து நிற்பார். பின்னால் நிற்கும் வரிசை தெரியாது. ‘பார்த்தே ஆக வேண்டிய பத்து இடங்கள்’ என்று எழுதுகிறவர்கள் வளர்த்த நாகரிகம் இது. துக்கடாவுக்கு மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டு, கச்சேரி கேட்டேன் என்று சொல்வதைப் போன்றது. உச்சியிலிருந்து பார்ப்பது தவறில்லை. அதை மட்டுமே பார்ப்பதுதான் மேம்போக்கு. மேலிருந்து பார்த்தால் ஃபியோர்டு ஒரு வடிவம். நீரிலிருந்து பார்த்தால்தான் அது ஒரு இடம்.

இனி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். படகில் கண்களை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் பலர் அரை மணியில் சலித்து உள்ளே போய்விடுகிறார்கள். அருவி எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். உச்சியிலிருந்து அல்ல, மலையின் பாதியிலிருந்து விழும். அங்கே ஒரு பக்கப் பள்ளத்தாக்கு அந்தரத்தில் தொங்கும். துணைப் பனியாறு சிறியது, அதனால் பெரியதன் அளவுக்கு ஆழமாகக் குடைய முடியவில்லை. பனி போனதும் அதன் தரை உயரத்தில் நின்றுவிட்டது. இதைத் தெரிந்துகொண்டவர் ஒவ்வொரு அருவியிலும் காணாமல்போன ஒரு பனியாற்றைப் பார்ப்பார். அடுத்து, பாறை விளிம்புகளில் பச்சைத் திட்டுகளைத் தேடுங்கள். ஒரு கொட்டகை, ஒரு கூரை தெரியும். மனிதர்கள் அங்கே குடும்பம் நடத்தினார்கள், ஆடு வளர்த்தார்கள், புல் அறுத்துக் காய வைத்தார்கள். அந்த வீட்டுக்குப் பாதை எங்கே என்று தேடுங்கள். கடைசியில் கண் நீர்விளிம்பில் ஒரு படகுக்கொட்டகையில் வந்து நிற்கும். எல்லாப் பாதைகளும் அங்கேதான் இறங்குகின்றன.

உள்கிளை ஊர்களில் மாலையில் எதையும் திட்டமிடாதீர்கள். பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பகலில் வீசிய மேற்குக் காற்று ஓய்ந்ததும் நீர் கண்ணாடியாகிவிடும். சாப்பாட்டை முடித்துக்கொண்டு படகுத்துறையில் போய் உட்காருங்கள். அப்போது மலையில் எந்த வீட்டில் விளக்கு, எந்த ஓடையில் இரைச்சல் என்றெல்லாம் ஊர் தானாகத் தெரியவரும். ஒரே இடத்தில் மூன்று இரவு என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். ஓர் இரவில் பெட்டியைத் திறக்கத்தான் நேரம் இருக்கும்.

டிக்கெட் எடுக்க உட்காரும்போது விமானத்தில் தொடங்காதீர்கள், ஹோட்டலில் தொடங்காதீர்கள். பெர்கனிலிருந்து உள்ளே போகும் படகு எந்தத் தேதியில் உண்டு என்று முதலில் பாருங்கள். அதில் இடம் பிடியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இரவுகளை அடுக்குங்கள். நாள் குறைந்தால் ஒரு ஊரை வெட்டுங்கள், பனியாற்றை வெட்டுங்கள், ஃப்லோம் ரயிலைக்கூட வெட்டுங்கள். படகை மட்டும் வெட்டாதீர்கள்.