ஒற்றை எழுத்தில் இந்தியா

ஜான் ஸ்மார்ட் 1785இல் மதராஸுக்கு வந்தார், 1795இல் லண்டன் திரும்பினார். அந்தப் பத்து வருடங்களில் அவர் வரைந்த சிற்றோவியங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவார், கீழே வருடம், அதற்கும் கீழே ஆங்கில எழுத்து 'ஐ'. இந்தியா என்பதன் முதல் எழுத்து. ரொம்பப் பொடிசாக இருக்கும். அந்த எழுத்தை விரலால் மறைத்துவிட்டு, உள்ளே இருக்கும் கம்பெனி அதிகாரியின் முகத்தைப் பாருங்கள். மதராஸ் எங்கேயும் இருக்காது. வெயில் இல்லை, வியர்வை இல்லை, கடற்கரை இல்லை. பவுடர் அடித்த தலைமுடி, மேல்கோட்டு, பின்னால் ஒரு வெளிறிய வானம். லண்டனில் உட்கார்ந்து வரைந்த படம் மாதிரியே இருக்கும்.

மினியேச்சர் என்றதும் நமக்கு முகலாய, ராஜபுத்திர ஓவியங்கள்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை. ஐரோப்பாவில் லாக்கெட்டிலும் கைக்காப்பிலும் பதித்துவைத்துக்கொண்ட முகப் படங்கள் இவை. ஸ்மார்ட் அந்தத் தொழிலில் சிறுவயதிலேயே பெயர் எடுத்தவர். 1755இல் சிறுவர்களுக்கான ஓவியப் போட்டியில் ரிச்சர்ட் காஸ்வேக்கு முதல் பரிசு, இவருக்கு இரண்டாவது. கடைசிவரை அவர்கள் இருவரையும் ஒப்பிட்டே பேசினார்கள். காஸ்வே வரைந்தால் எல்லோரும் பெரிய கண்களோடு அழகாகிவிடுவார்கள், இன்றைய பியூட்டி ஃபில்டர் மாதிரி. ஸ்மார்ட்டிடம் அந்த வேலை நடக்காது. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, இரட்டைத் தாடை, மூக்கின் சிவப்பு எல்லாம் அப்படியே வரும். ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. உதட்டோரத்தில் ஒரு மெல்லிய சிரிப்பை அவர் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எப்படி வரைந்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தளம் யானைத் தந்தம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸின் ரோசால்பா கரியேரா தோலுக்குப் பதில் தந்தத்தில் வரைய ஆரம்பித்தார், பிறகு எல்லோரும் அதற்கு மாறினார்கள். தந்தத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. நீர்வண்ணம் அதில் ஒட்டாமல் வழுக்கும். அதனால் மெல்லிய ஏடாக அறுத்து, பசை போக்கி, வெயிலில் வெளுக்கவைத்து, நுரைக்கல் பொடியால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். வண்ணத்தில் பிசின் கலந்து நுனித் தூரிகையால் புள்ளி புள்ளியாக, கீற்று கீற்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். அழுத்தித் தடவினால் கீழே இருக்கும் வண்ணம் கரைந்துவிடும். முகத்தின் வெளிச்சம் வண்ணத்தில் இல்லை, தந்தத்தில் இருக்கிறது. ஒளி வண்ணத்தைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வருகிறது. தோல் உயிரோடு இருப்பது போலத் தெரிவது அதனால்தான்.

கான்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில், ஸ்மார்ட்டின் தொழில் வாழ்க்கையை ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு படம் என்று தொடர்ந்து பார்க்கக்கூடிய தொகுப்பு இருக்கிறது. இந்த மாதிரிப் படங்களை வேப்பம்பட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஜூம் செய்தால் புள்ளிகள் பிக்ஸல் போலப் பிரிகின்றன, கை வேலையைக் கண்டு வாய் பிளக்கிறோம். ஆனால் படம் கைவிட்டுப் போகிறது. மதராஸில் வரைந்தவற்றின் உயரமே ஐந்தாறு சென்டிமீட்டர்தான். அந்த அளவுக்கு ஒரு தாளை நீள்வட்டமாக வெட்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. இது சுவரில் மாட்டி நாலு பேர் பார்ப்பதற்காகச் செய்தது இல்லை. ஒருத்தர் மட்டும் பார்ப்பதற்கு.

அந்த ஒருத்தர் பெரும்பாலும் ஐந்தாறு மாதக் கப்பல் பயணத்துக்கு அப்பால் இருந்தார். அம்மா, மனைவி, நிச்சயம் செய்த பெண். மதராஸில் காய்ச்சலில் போனவர்களின் கணக்கு அவர்களுக்கும் தெரியும். அப்போது படம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நான் அப்படியே இருக்கிறேன். மதராஸ் படத்துக்குள் வராததற்கு ஸ்மார்ட்டின் அலட்சியம் காரணமில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு அது வேண்டாம். எங்கள் பக்கம் திருவள்ளூர் லோக்கலில் தினமும் இதைப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள் ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள். ஷிஃப்ட் முடிந்த களைப்பு முகத்தில் இருக்கும், தலையைச் சீவிக்கொண்டுதான் போனைத் தூக்குவார்கள். பின்னால் என்ன தெரிய வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் இந்தக் கலை இதே தேவைக்காகத்தான் ஓடியது. நியூபோர்ட்டில் பிறந்த எட்வர்ட் கிரீன் மால்போன் ஊர் ஊராகப் போய்த் தந்தத்தில் முகங்கள் வரைந்து, 1807இல் 29 வயதில் காசநோயில் இறந்தார்.

ஆனால் ஸ்மார்ட்டை 'உண்மையின் ஓவியர்' என்று புகழும்போது எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. அவருடைய உண்மை முகத்தின் விளிம்போடு நின்றுவிடுகிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவர் குடும்பத்தாரையும் அவர் வரைந்திருக்கிறார். அங்கே இந்தியா படத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்திருப்பவரே இந்தியா. தலைப்பாகை, முத்து, மஸ்லின். ஆனால் இந்தப் படங்கள் பிரிவைத் தாங்க எடுத்தவை இல்லை. நவாபுக்குத் தன் உருவம் ஒரு ராஜதந்திரக் கருவி. ஸ்மார்ட்டுக்கு முன்பே டில்லி கெட்டிலும் ஜார்ஜ் வில்லிசனும் அவரை ஆளுயர எண்ணெய் ஓவியங்களாக வரைந்திருந்தார்கள், அவை இங்கிலாந்துக்கும் போயின. நானும் ஓர் அரசன், உங்கள் மன்னருக்குச் சமமாக நிற்கக்கூடியவன் என்று சொல்லும் படங்கள்.

அந்தத் தோரணைக்குப் பின்னால் கடன் மலை போல இருந்தது. ஸ்மார்ட் இந்தியாவுக்கு வந்த அதே 1785இல், பிப்ரவரி 28 அன்று, எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார். அதில் அதிகம் அடிபட்ட பெயர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியின் எஞ்சினியராக வந்து நவாபின் பெரிய கடன்காரர் ஆனவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்றும் சொல்கிறார்கள். (எங்கள் இனத்தில் இப்படியும் ஒருவர்.) கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது கர்நாடகத்தின் நிலவரியை. வட்டி கட்டியது உழுதவன்.

1780இல் ஹைதர் அலியின் படை மதராஸைச் சுற்றிய கிராமங்களைச் சூறையாடியது. திருவள்ளூரைத் தாண்டி இருக்கும் திருப்பாச்சூர் கோட்டையை 1781இல் ஐர் கூட் திரும்பப் பிடித்தார். பின்னாலேயே பஞ்சம். 1782இல் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரமாகி, இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வித்தானது. பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடம் கழித்து ஸ்மார்ட் வந்து இறங்கினார்.

ஒரு மினியேச்சர் ஓவியர் பஞ்சத்தை வரைந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஐந்து சென்டிமீட்டர் தந்தத்தில் அதற்கு இடமும் கிடையாது. கேட்பதெல்லாம் பார்வையாளராகிய நம்மிடம்தான். அந்த முகங்களின் நெருக்கம் நம்மை மயக்குகிறது. 1792இல் ஸ்மார்ட் வரைந்த கார்ன்வாலிஸைப் பாருங்கள். யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்து, பிறகு இங்கே வந்து திப்புவிடம் பாதி நாட்டைப் பறித்தவர். ஸ்மார்ட்டின் கையில் அவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் போல ஆகிவிடுகிறார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கில்லாடிதான். அந்தத் திறமைதான் எனக்கு உறுத்துகிறது.

1795இல் ஸ்மார்ட் கிளம்பினார், அதே வருடம் அக்டோபரில் நவாப் இறந்தார். 1801இல் கர்நாடக அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஸ்மார்ட்டின் மகனும் ஓவியர், பெயரும் ஜான் ஸ்மார்ட்தான். அவரும் மதராஸுக்கு வந்து 1809இல் இங்கேயே இறந்துபோனார். அப்பா 1811வரை லண்டனில் வரைந்துகொண்டிருந்தார். திரும்பிப் போன பிறகு வரைந்த படங்களில் வருடத்துக்குக் கீழே 'ஐ' கிடையாது. முகங்களை வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.