ஒரு நரம்பிழையை இழுத்துப் பார்க்கும் கருவி

சர் சி.வி. ராமன் 1948இல் பெங்களூரில் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் ஒரு கருவி இருக்கிறது. உயிருள்ள நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்ஸானை மெல்ல இழுத்து, அது எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்று அளக்கும் கருவி. ஆக்ஸானின் தடிமன் ஏறக்குறைய 1 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது.

இழுக்கும் கை எது? தொலைத்தொடர்புக்குப் பயன்படும் அதே ஆப்டிகல் ஃபைபர்தான். அமிலத்தில் அரித்து மெலிதாக்கிய அந்தக் கண்ணாடி இழையை நுண்ணோக்கியின் கீழ் ஆக்ஸானில் சாய்த்து நகர்த்துகிறார்கள். ஃபைபரின் நுனியிலிருந்து வெளியேறும் லேசர் ஒளி எங்கே விழுகிறது என்பதை வைத்து அது எவ்வளவு வளைந்தது எனக் கணக்கிடுகிறார்கள். வளைவே விசையைச் சொல்லிவிடுகிறது. எவ்வளவு அழகான எளிமை!

இந்த நிலையத்தின் பிரமோத் புல்லார்கட் குழுவும் புனே ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்களும் கோழிக்கருவின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பணுக்களை இப்படிச் சோதித்தார்கள். கூடுதலாக இழுக்க இழுக்க ஆக்ஸான் விறைக்காமல் இளகியது. உள்ளே ஆக்டின் என்ற புரதத்தாலான வளையங்களை இணைக்கும் ஸ்பெக்ட்ரின் புரதத்தின் மடிப்புகள் பிரிந்து இழுவிசையைத் தாங்கிக்கொள்வதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். இது ஏன் முக்கியம்? முழங்காலை மடக்கினாலே நரம்புகள் நீள்கின்றன. தலையில் அடிபட்டால் மூளையின் ஆக்ஸான்கள் திடீரென இழுபடுகின்றன. இந்தத் தாங்குதிறன் அறியப்படவேண்டியதே.

இந்த ஆய்வுக் கட்டுரை 2020இல் ஈலைஃப் (eLife) இதழில் வந்தது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். இயற்பியல் மாணவர்களே, முதலில் கருவி இயங்கும் விதத்தைப் படியுங்கள்.